நாற்பத்தோராம் பக்கத்துப் படம்

எதிராளி தரப்பின் மேலதிக ஆவணப் பட்டியல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு என் கைக்கு வந்தது. நேரத்தை உறையின் மேல் எழுதினேன். எந்தக் கடிதம் வந்தாலும் அப்படி எழுதுவது என் வழக்கம். விசாரணைக்குப் பதினேழு நாள் இருந்தது. பட்டியலில் ஒன்பது ஆவணங்கள். முதல் எட்டும் நான் எதிர்பார்த்தவை: பொலிஸ் வரைபடம், லொறியின் காப்புறுதிப் பத்திரம், சாரதியின் வாக்குமூலம், அந்த மாதிரி. ஒன்பதாவது, அம்மன் கோயில் தேர்த் திருவிழாச் சிறப்பு மலர், பக்கம் நாற்பத்தொன்று.

அந்த மலரின் பதிப்பாசிரியர் நான். பக்கத்தைப் புரட்டிப் பார்க்காமலே அதில் என்ன படம் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தேன். எழுதுவினைஞர் தேநீர் கொண்டுவந்து வைத்தார். அது ஆறி ஆடை படரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாத்தளை நீதிமன்றங்களில் முப்பது வருடங்களுக்கு மேலாக நட்டஈட்டு வழக்குகள் பேசி வருகிறேன். கையை இயந்திரத்தில் கொடுத்தவர்கள், மரத்திலிருந்து விழுந்தவர்கள், பெரும்பாலும் வீதியில் அடிபட்டவர்கள். ஏ ஒன்பது வீதி இந்த மாவட்டத்தின் நடுவே போகிறது. என் தொழிலுக்கு வேண்டியதை அதுவே தந்துவிடுகிறது. இப்படி எழுதக் கூசுகிறது, ஆனால் உண்மை. சனிக்கிழமைகளில் தோட்டங்களுக்குப் போய், காலையில் பேர் பதிய ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் ஒரு மேசை போட்டு உட்காருவேன். பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதி, அடிதடி, எதுவானாலும் கேட்பேன். மிச்ச நேரமெல்லாம் நாட்களைக் குறிப்பது. எந்தக் கடை எப்போது திறந்தது, எந்த வருடம் ஆற்றில் வெள்ளம் எதுவரை ஏறியது, தேர் எத்தனை மணிக்கு இருப்பிடம் விட்டது. இருபத்தாறு குறிப்பேடுகள் சேர்ந்திருக்கின்றன.

இங்கே பெயர்களையும் ஆண்டுகளையும் விட்டுவிடுகிறேன். இந்த வழக்கில் என் கட்சிக்காரியான அந்தப் பெண்ணுக்கு நான் செய்ததற்குப் பிறகு, அவரை அடையாளம் காட்டும் உரிமை எனக்கில்லை.

அவருக்கு அப்போது முப்பத்துநான்கு வயது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறவர். பெட்ரோல் வரிசைகள் ஓய்ந்த மறு வருடம், ஒரு வைகாசி மாதத்து முற்பகலில், நாலந்தாவுக்குக் கிட்ட பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது மரக்கறி லொறி ஒன்று வீதியை விட்டு விலகி வந்து அடித்தது. இடுப்பெலும்பு மூன்றிடத்தில் உடைந்தது. வலது தொடையின் மூட்டு நொறுங்கியது. நான்கு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். புதிய மூட்டு வைத்தால் நடப்பார் என்றார் வைத்தியர். சத்திரசிகிச்சை இலவசம், ஆனால் மூட்டை வெளியில் வாங்கிக் கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று வருடத்துக்குள் வைக்க வேண்டும், பிந்தினால் எலும்பு தேய்ந்து வைத்த மூட்டும் பிடிக்காது என்றும் சொன்னார். அவர் இருந்தது தோட்டத்து லயத்தில் அண்ணனின் ஒற்றை அறைக் காம்பராவில். அண்ணன் சீகிரியாவில் ஓட்டோ ஓட்டுகிறவர். வெள்ளைக்காரர் வந்தால் ஓட்டம், வராவிட்டால் இல்லை. ஆகவே அந்த மூட்டு வரக்கூடிய வழி ஒன்றே ஒன்றுதான், இந்த வழக்கு.

மாலையில் மலரை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தேன். நல்ல படம். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பின்னால் தேரின் சக்கரம் பாதி தெரிகிறது. மஞ்சள் சேலையில் அந்தப் பெண் இரண்டு கையாலும் வடத்தைப் பிடித்து நேராக நிற்கிறார். முகம் மேலே தேரைப் பார்க்கிறது. ஊன்றுகோல் இல்லை, பக்கத்தில் யாரும் இல்லை. கீழே தலைப்பு: "அன்னையின் அருளால் தானாக எழுந்து நின்று வடம் பிடிக்கும் அடியார்." மாசி மாதம், இன்ன தேதி, இத்தனை மணி.

பிறகு வழக்குக் கோப்பைத் திறந்து வழக்குரையின் பதினோராம் பந்தியை வாசித்தேன். "வழக்காளி பிறர் உதவியின்றி எழுந்து நிற்கவும் இயலாதவர்." இரண்டு வாக்கியங்களும் நான் எழுதியவை. குறிப்பேட்டைப் பார்த்தேன். இரண்டையும் ஒரே வாரத்தில், ஒரே மேசையில் எழுதியிருக்கிறேன். ஒன்று திங்கட்கிழமை, மற்றது வியாழக்கிழமை.

மறுநாள் சட்டத்தரணிகள் அறையில் எதிராளியின் சட்டத்தரணியைப் பார்த்தேன். வஹகோட்டைக்காரர். நானும் அவரும் ஒரே வருடம் சத்தியப்பிரமாணம் செய்தவர்கள். எங்கள் பேச்சு சிங்களத்தில்தான், தமிழில் தருகிறேன்.

"இந்தப் புத்தகம் உனக்கு எங்கே கிடைச்சது?" என்றேன்.

"நல்லாக் கேட்ட போ. முதல் பக்கத்தில உன் கையெழுத்தே இருக்கு மச்சான். தேதி, நேரம் எல்லாம் போட்டு, 'அன்பு நண்பருக்கு'ன்னு எழுதி நீதானே தந்த."

"உனக்குத் தமிழ் வாசிக்க வராதே."

"படம் பாக்க வருமே. தலைப்பை என் எழுதுவினைஞர் வாசிச்சுச் சொன்னார்."

"அவவால நிக்க ஏலாது. அது உனக்குத் தெரியும்."

அவர் கையிலிருந்த, மீன் வைத்த மாலுபாணைப் பிய்த்துப் பாதியை என் பக்கம் தள்ளினார். "எனக்கு அது தெரியாது. எனக்குத் தெரிஞ்சது உன் படம். இதைப் பாத்த பிறகும் நான் பட்டியல்ல போடலேன்னா, என் கட்சிக்காரனுக்கு நான் எதுக்கு? நீயா இருந்தா என்ன செய்வ?"

நானும் போட்டிருப்பேன். அந்தப் பாதியை எடுத்துத் தின்றேன்.

சனிக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். பெரட்டுக்களத்தில் ஆட்கள் கலைந்த பிறகு அண்ணன் தங்கையை ஓட்டோவில் கொண்டுவந்தார். தூக்கித்தான் இறக்கினார். பிளாஸ்டிக் கதிரையில் ஒரு பக்கமாகச் சாய்த்து உட்காரவைத்து, வலது காலின் கீழே மடித்த சாக்கொன்றை வைத்தார். மலரை அவர் மடியில் விரித்தேன். அந்தப் பெண் அதை அதுவரை பார்த்ததில்லை. நன்கொடை தந்தவர்களுக்கும் சட்டத்தரணிகளுக்கும் பாடசாலை அதிபர்களுக்கும் பிரதி அனுப்பிய நான் அவருக்கு அனுப்பவில்லை.

"ஆத்தா, இது நானுங்களா?" என்றார். முகம் ஒரு கணம் மலர்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் நான் விஷயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது.

சொன்னேன். அவர் மலரை மூடி மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"நேத்திக்கடன் தானுங்களே ஐயா," என்றார் அந்தப் பெண். "உசுரு தங்குனா ஒந் தேரு வடத்தத் தொட்டுக் கும்புடுறேன்னு ஆஸ்பத்திரியில கெடக்கும்போது வேண்டிக்கிட்டேன். வேண்டிக்கிட்டத செய்யாம இருக்கலாமுங்களா? அதப் போயி கேஸோட சேப்பாங்கன்னு எனக்கென்னா தெரியும்?"

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஐயா, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. நான் இவளோட கக்கத்துல கை குடுத்துத் தாங்கிக்கிட்டுத்தானே நின்னேன். நீங்கதானே 'தம்பி, ஒரு செக்கன் தள்ளி நில்லுங்க'ன்னீங்க?"

அதுதான் நடந்தது. தேர் வீதியில் கூட்டத்துக்குள் என் கட்சிக்காரியைக் கண்டதும் எனக்கு மகிழ்ச்சி பொங்கியது. தொலைபேசியை எடுத்து மூன்று படம் எடுத்தேன். முதலாவதில் அண்ணன் தாங்கியிருக்கிறார். அவரை விலகச் சொன்னேன். "நிமிந்து பாருங்க" என்றேன். இரண்டாவது, மலரில் வந்தது. மூன்றாவதை எடுக்கும்போதே அந்தப் பெண் சரிந்துகொண்டிருந்தார். அண்ணன் பாய்ந்து பிடித்தார். வலியில் அவர் போட்ட சத்தம் மேளத்தில் கேட்கவில்லை, வாய் திறந்திருந்ததைத்தான் கண்டேன். பிறகு தேர் நகர்ந்தது. நானும் தேரோடு போய்விட்டேன், அது சந்தியைத் தாண்டும் நேரத்தைக் குறிக்க.

"அந்த மத்த ரெண்டு படமும் இருக்குமுங்களே?" என்றார் அண்ணன். "அதக் காட்டுனாப் போதுமே. சோலி முடிஞ்சுது."

தேடிப் பார்க்கிறேன் என்றேன். அங்கிருந்து கிளம்பும்போதே அச்சகத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

அச்சகத்தில் தேடினார்கள். அவர்களிடம் இருந்தது நான் அனுப்பிய ஒரு படம் மட்டும். கோயிலில் தேர் அன்று பிடித்த காணொளிகளை வாங்கி மூன்று நாள் பார்த்தேன். அன்று வலம் வந்த தேர்கள் ஐந்தும் தெரிந்தன, ஆயிரக்கணக்கான தலைகள் தெரிந்தன, வடம் ஒரு பாம்பு போல நெளிவது தெரிந்தது. அந்தப் பெண் ஓரிடத்திலும் இல்லை. பழைய தொலைபேசியை எடுத்துக்கொண்டு கண்டிக்குப் போய், அழிந்த படங்களை மீட்டுத் தரும் கடையில் கொடுத்தேன். இரண்டு மணி நேரம் அங்கே ஒரு முக்காலியில் இருந்தேன். கடைக்காரர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார்.

"சேர், அழிச்சதுக்கு மேல வேற படம் ஏறியிருக்கு. இனி எடுக்க ஏலாது. இதுதான் ஏறியிருக்கிறது, பாருங்க."

கற்கள். வரிசை வரிசையாக நாலந்தா கெடிகே என்ற பழைய கற்கோயிலின் கற்கள். நீர்த்தேக்கம் கட்டியபோது அந்தக் கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து மேட்டில் மறுபடி அடுக்கினார்கள். பிரித்தபோது இட்ட எண் ஏதாவது எங்கேயாவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கத் தேருக்கு அடுத்த பௌர்ணமிப் போயா விடுமுறையில் போயிருந்தேன். தொலைபேசியில் இடம் போதவில்லை. மரநிழலில் நின்று, வேண்டாத படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து அழித்தேன். அவ்வளவு கற்களைப் படமெடுத்தேன். ஒரு எண்ணும் அகப்படவில்லை.

"இது முக்கியமான படமா சேர்?" என்று கடைக்காரர் கேட்டார். இல்லை என்றேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் குறிப்பேடு நினைவுக்கு வந்தது. எடுக்கும் படங்களுக்கும் அழிக்கும் படங்களுக்கும் நான் குறிப்பு எழுதுவேன். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்த மாதத்துப் பக்கங்களைப் புரட்டினேன். இருந்தது. "வடம் பிடிக்கும் பெண், மூன்று படம். 1: தமையன் தாங்கி நிற்பது தெரிகிறது, அழகில்லை. 2: தமையனை விலகச் சொல்லி எடுத்தது, நன்று. 3: சாய்கிறாள், கலங்கல். 1, 3 அழித்தேன்."

அழகில்லை. அந்த ஒரு சொல்லைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

எனக்குத் துணையாகச் சில வழக்குகள் பார்த்த உக்குவளைச் சட்டத்தரணி ஒருவர் இருக்கிறார், முஸ்லிம் பெண், பேச்சில் கூர்மையானவர். குறிப்பேட்டை அவரிடம் கொண்டுபோனேன். இரண்டு தரம் வாசித்தார்.

"சேர், இது நீங்க கைப்பட எழுதினது. நீங்களே சாட்சிக் கூட்டுல ஏறிச் சொன்னாத்தான் செல்லும். ஏறினா இந்த வழக்க நீங்க பேச ஏலாது."

"தெரியும்."

"அப்ப யார் பேசுறது?"

"நீங்க."

"யா அல்லாஹ். எட்டு நாள்லயா?" கோப்பின் தடிப்பைக் கையால் அளந்து பார்த்தார். "நீங்க எழுதி வச்ச கோப்புன்னா அதுல பஸ் டிக்கெட்டும் இருக்குமே." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "தலைப்ப ஏன் சேர் அப்படி எழுதினீங்க? நீங்க அப்படி எழுதுற ஆள் இல்லியே."

மலர் என்றால் அப்படித்தான் எழுதுவார்கள் என்றேன். அது உண்மை, ஆனால் முழு உண்மையல்ல. அந்தப் படத்தைப் பார்க்கப் பார்க்க, அவர் நின்றார் என்று நானே நம்ப விரும்பினேன்.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் அண்ணன் என் அலுவலகத்துக்கு வந்தார். கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஐயா, படத்துல இருக்கிறது எந் தங்கச்சியே இல்லேன்னு சொல்லிருவமா? தேரு அன்னைக்கு எல்லாப் பொம்பளையும் மஞ்சச் சீலதான். பேரு போடலையே கீழ. மூஞ்சியும் மேல பாத்துக்கிட்டுத்தானே இருக்கு."

முடியாது என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். அவரைப் போகச் சொல்லிவிட்டு, அன்று பகல் முழுவதும் அதை யோசித்தேன். பூதக்கண்ணாடியை வைத்து அந்த முகத்தைப் பார்த்தேன். சொல்லலாம்தான். முப்பது வருடத்தில் அப்படி ஒன்றை நான் செய்ததில்லை என்பது அந்தப் பகலில் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. எலும்பு தேய்வதற்கு இன்னும் எவ்வளவு காலம் இருக்கிறது என்ற கணக்குத்தான் தெரிந்தது. மாலையில் அந்தப் பெண்ணே அண்ணனின் தொலைபேசியில் பேசினார்.

"அண்ணே என்னமோ ஒளறியிருக்கும் ஐயா. அது நாந்தானுங்க. சாமி வடத்தப் புடிச்சுக்கிட்டு நின்னது நானில்லேன்னு நான் எப்புடிச் சொல்றது?"

விசாரணை அன்று அவரைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். உக்குவளைச் சட்டத்தரணி நன்றாகவே நடத்தினார். வைத்தியர் சாட்சி சொன்னார், வலியைத் தாங்கிக்கொண்டு ஒரு சில நொடி நிற்பது முடியாததல்ல என்றும் குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டார். அந்தப் பெண் சாட்சி சொன்னார், படத்தில் இருப்பது தான்தான் என்றும் சொன்னார். பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள். அவ்வளவு வருடம் நின்று பேசிய மன்றத்தில் சாட்சிக் கூட்டின் படி எத்தனை என்று எனக்கு அன்றுவரை தெரியாது. மூன்று.

குறிப்பை வாசித்தேன். நடந்ததைச் சொன்னேன். என் நண்பர் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். மன்றத்தில் அவர் என்னைப் பன்மையில்தான் அழைத்தார்.

"இந்தத் தலைப்பை எழுதியவர் நீங்கள்?"

"ஆம்."

"'தானாக எழுந்து நின்று' என்பது உண்மையா?"

"இல்லை."

"அச்சுக்குக் கொடுக்கும்போதே உண்மையில்லை என்று தெரியும்?"

"தெரியும்."

"அப்படியானால் தெரிந்தே உண்மையற்றதை எழுதி, கீழே தேதியும் நேரமும் போடுகிறவர் நீங்கள்."

உக்குவளைச் சட்டத்தரணி ஆட்சேபித்தார். நீதிபதி பதில் சொல்லச் சொன்னார். அந்த ஒரு தடவை, என்றேன்.

"குறிப்பேடும் உங்கள் கையெழுத்துத்தான். அதை மட்டும் மன்றம் எதற்காக நம்ப வேண்டும்?"

"அது யாருக்கும் காட்டுவதற்காக எழுதியதல்ல."

"இப்போது காட்டுகிறீர்களே."

அந்தக் கேள்விக்கு நல்ல பதில்கள் இருக்கின்றன. அதற்குப் பிறகு எத்தனையோ நாள், பஸ்ஸிலும் குளிக்கும்போதும், ஒவ்வொன்றாக எனக்குத் தோன்றியிருக்கின்றன. அன்று ஒன்றும் வரவில்லை. கூட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கதிரையிலிருந்து அந்தப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு செக்கன் தள்ளி நில்லுங்கள் என்று நான் சொன்னபோது பார்த்த அதே நம்பிக்கையோடு பார்த்தார்.

ஐப்பசியில் தீர்ப்பு வந்தது. அடைமழை, மன்றத்தின் கூரைத் தகடு இரைந்துகொண்டிருந்தது. பிழை லொறியினுடையது என்று நீதிபதி ஏற்றார். உடற்குறைபாட்டின் அளவு திருப்தியாக நிரூபிக்கப்படவில்லை என்றார். வழக்காளி தரப்பின் எழுத்துகளே ஒன்றையொன்று மறுக்கின்றன என்றார். கொடுத்த நட்டஈடு ஆஸ்பத்திரிப் பயணச் செலவுக்கும் இழந்த சில மாதச் சம்பளத்துக்கும் சரி. மூட்டுக்கு வராது. மேன்முறையீடு போட்டிருக்கிறோம். மேன்முறையீடு எத்தனை வருடம் எடுக்கும் என்று எனக்குத் தெரியும். எலும்பு எத்தனை வருடம் பொறுக்கும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். நான் கிழித்துப் போட்ட தாள் அது ஒன்றுதான்.

மலரின் பொறுப்பை விட்டுவிட்டேன். நானும் நண்பரும் இப்போதும் ஒரே மேசையில்தான் சாப்பிடுகிறோம். அந்த மூட்டைத் தருமமாகத் தரக்கூடியவர்களைத் தேடிச் சில கடிதங்கள் எழுதினேன். ஒருவர் மூட்டைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல், தேர்ப் படம் ஒன்று அனுப்ப முடியுமா என்று கேட்டுப் பதில் எழுதினார்.

தீர்ப்புக்குப் பிந்திய மூன்றாம் சனிக்கிழமை பெரட்டுக்களத்தில் இருந்தபோது அண்ணனின் ஓட்டோ வந்தது. அந்தப் பெண்ணை இறக்கவில்லை, உள்ளேயே சாய்ந்திருந்தார். நான் எழுந்து போனேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன்.

"ஐயா, அந்தப் பொஸ்தகம் ஒண்ணு கெடைக்குமுங்களா?" என்றார்.

"எதுக்கு?"

"படத்துக்குத்தான். நான் நின்ன படம் வேற இல்லீங்களே. சின்னதுல எடுத்ததெல்லாம் ஒக்காந்த படம். காம்பராவுல ஒட்டி வைக்கலாம்னு."

"சும்மா இரு புள்ள," என்றார் அண்ணன். "அந்தப் படத்தாலதானே எல்லாம் நாசமாப் போச்சு."

"படம் என்னா செஞ்சுச்சு? எழுதினதுதான் செஞ்சுச்சு," என்றார் அவர். அதை என்னைக் குத்தச் சொன்னதாகத் தெரியவில்லை. நடந்ததைச் சொன்ன மாதிரித்தான் சொன்னார்.

மிச்சமிருந்த பிரதி என்னுடையது ஒன்றுதான், பைக்குள் இருந்தது. என் தொகுப்பிலிருந்து ஒரு பக்கத்தை நான் எடுத்ததில்லை. மேசைக்குத் திரும்பிக் கத்தரிக்கோலால் நாற்பத்தோராம் பக்கத்தைத் தையலோரமாக வெட்டினேன். கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார். பிறகு திருப்பி நீட்டினார்.

"கீழ இருக்கிற எழுத்த வெட்டிட்டுத் தாங்க ஐயா."

வெட்டினேன். கத்தரிக்கோல் கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. அவருடைய பாதங்களில் ஒரு பக்கம் கொஞ்சம் போய்விட்டது. அவர் அந்த விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்தார். மழை தூறத் தொடங்கியதால் அண்ணன் படத்தை வாங்கித் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓட்டோவைத் திருப்பினார்.

தலைப்புத் துண்டு என் கையில் இருந்தது. அதன் பின்புறம் அன்றைய தேதியையும் நேரத்தையும் எழுதினேன். அதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து, குறிப்பேட்டில் அந்த மாசி மாதத்துப் பக்கத்தைத் தேடி எடுத்து, 'அழகில்லை' என்ற சொல் இருந்த வரிக்கு நேரே வைத்து மூடினேன்.